படத்தைத் திருத்துவோம், முகத்தை மாற்றோம்

கணினியில் உருவப்படங்களைச் செப்பனிடுவோருக்குச் சில வழிகாட்டல்கள்

புலம்பெயர்ந்த தமிழர் இல்லங்களில் சுவரில் மாட்டப்பட்டுள்ள படங்களை உற்று நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். அங்கே இயற்கைக் காட்சிகள் குறைவு, முகங்களே மிகுதி. ஊரிலே விட்டு வந்த பெற்றோர், யுத்தத்திலே இழந்த உடன்பிறப்புகள், மணக்கோலத்தில் மகள், பட்டமளிப்பு உடையில் மகன் என ஒரு குடும்பத்தின் வரலாறு முழுவதும் முகங்களாகவே எம்முன் நிற்கின்றது. காணி உறுதியையும் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தையும் காவிக்கொண்டு புறப்பட்ட எம்மவர் பலர், அவற்றோடு ஒன்றாகக் காவி வந்தது ஒருசில படங்களையே.

அந்த முகங்கள் யாவும் இன்று ஏதோ ஒரு கட்டத்தில் கணினியினூடாகவோ கைத்தொலைபேசியினூடாகவோ கடந்து செல்கின்றன. கலியாண வீட்டிலே எடுத்த படம் திருத்தப்படுகின்றது. விசா விண்ணப்பத்துக்கான படம் அளவு வெட்டப்படுகின்றது. பூஞ்சணம் பிடித்த பழைய படம் துப்புரவாக்கப்படுகின்றது. இவற்றைச் செய்பவர் கையில் பெரும் வல்லமை இருக்கின்றது. அவ்வல்லமையை எங்கே பயன்படுத்துவது, எங்கே நிறுத்திக்கொள்வது என்பதையே இக்கட்டுரையில் ஆராய விழைகின்றோம்.

ஒக்லாந்து மாநகரின் தென்புறத்தே, மனுக்காவை அண்டியுள்ள பகுதி விரி. பெயர் தமிழ்ச் சொல்லைப் போல் ஒலித்தாலும் அது மாவோரி மொழிவழி வந்த பெயரே. களஞ்சியங்களும் தொழிற்சாலைகளும் நிறைந்த இடம். வருடாந்த ஒதுக்கீட்டின் கீழ் நியூசிலாந்துக்கு அழைக்கப்படும் அகதிகள் முதற் சில வாரங்கள் தங்கும் நிலையம் அயலிலுள்ள மாங்கரேயிலேயே அமைந்துள்ளது. வார நாட்களில் இத்தகைய தொழிற்பேட்டைகளில் உழைத்துவிட்டு, வார இறுதியில் கமராவைத் தோளிற் கொழுவிக்கொண்டு விழா வீடுகளுக்குச் செல்லும் எம் இளைஞர்களை எல்லாப் புலம்பெயர் நகரங்களிலும் காணலாம். அவர்களையும், வீட்டுக் கணினியில் குடும்பப் படங்களைத் திருத்த முனையும் ஏனையோரையும் மனதிற்கொண்டே இக்குறிப்புகளைத் தொகுத்துள்ளோம்.

பென்சிலிலிருந்து கணினி வரை

படத்தைத் திருத்துவது கணினி கொண்டுவந்த புதுமை என்று எண்ணுதல் தவறு. கண்ணாடித் தகடுகளிலும் படச்சுருள்களிலும் படம் பிடித்த காலத்திலேயே ஸ்ரூடியோக்களில் இதற்கென ஒருவர் இருப்பார். பின்னாலிருந்து ஒளி பாயும் சாய்பலகையில் நெகடிவை வைத்து, கூர்மையான பென்சிலினால் அம்மைத் தழும்புகளையும் கண்ணின் கீழுள்ள கருவளையங்களையும் மறைப்பது அவர் தொழில். கறுப்பு வெள்ளைப் படத்தில் சேலைக்குச் சிவப்பும் நகைக்கு மஞ்சளும் தூரிகையால் தீட்டப்பட்டன. இறந்துபோன தந்தையின் படத்தை வெட்டி, தாயின் அருகே ஒட்டி, மீண்டும் படம் பிடித்துக் கொடுப்பதும் உண்டு. இத்தகைய தமிழக ஸ்ரூடியோப் படங்களின் அருமையை உணர்ந்து, அவற்றைத் தேடி எண்மப்படுத்தும் பணியைப் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு நிறுவனம் பிரித்தானிய நூலகத்தின் உதவித்திட்டம் ஒன்றின் துணையோடு மேற்கொண்டது இங்கு குறிப்பிடத்தக்கது.

அந்தப் பென்சிலுக்கும் தூரிகைக்கும் பதிலாகக் கணினி வந்த கதை 1987 இல் தொடங்குகின்றது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராயிருந்த தோமஸ் நொல் என்பவர், படங்களைத் திரையிற் காட்டுவதற்கென ஒரு சிறு நிரலை எழுதினார். திரைப்படத் தந்திரக்காட்சி நிறுவனமொன்றிற் பணியாற்றிய அவரது சகோதரர் ஜோன் நொல் அதன் பயனை உணர்ந்து ஊக்குவித்தார். அதுவே 1990 பெப்ரவரியில் அடோபி நிறுவனத்தினால் ‘போட்டோஷொப்’ என்னும் பெயரில் வெளியிடப்பட்டது. 1994 இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் ‘லேயர்’ எனப்படும் அடுக்குமுறை சேர்ந்தது. 2002 இல் வந்த ஏழாம் பதிப்பில், தோலின் இழையைக் குலைக்காது கறைகளை நீக்கும் ‘ஹீலிங் பிரஷ்’ சேர்ந்தது. உருவப்படத் திருத்தத்தில் இவ்விரண்டுமே இன்றும் அடிப்படைக் கருவிகள்.

போட்டோஷொப்புக்கு மாதக் கட்டணம் செலுத்த வசதியற்றோர் மனம் தளர வேண்டியதில்லை. 1995 இல் கலிபோர்ணியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாக மாணவர் இருவர் தொடங்கிய ‘கிம்ப்’ என்னும் மென்பொருள் முற்றிலும் இலவசமானது. கீழே நாம் கூறும் வேலைகளிற் பெரும்பாலானவற்றை அதிலும் செய்யலாம். கைத்தொலைபேசி மட்டும் உள்ளவர்களுக்கு ‘ஸ்னாப்சீட்’ போன்ற இலவசச் செயலிகள் உள்ளன. கருவியின் விலையிலும் பார்க்கக் கையாள்பவரின் கண்ணே முக்கியமானது.

ஒளி சரியானால் திருத்தம் பாதியாகும்

எத்தனை வல்லமை வாய்ந்த மென்பொருளாயினும், மோசமான ஒளியில் எடுத்த முகத்தை முற்றாக மீட்டுத் தராது. எனவே திருத்தம் கமராவின் முன்னாலேயே தொடங்குகின்றது.

இங்கே நியூசிலாந்தில் வாழ்வோர் மனதிற் பதிக்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்ட புகைப்பட நூல்கள், வடக்கு நோக்கிய சாளரத்தின் அருகே ஆளை இருத்துமாறு கூறும். அங்கே வடக்குச் சாளரத்தில் நேர் வெயில் விழாது. மென்மையான ஒளியே வரும். தென்கோளத்தில் இது தலைகீழ். இங்கு சூரியன் வடவானிலே செல்வதால் வடக்குச் சாளரத்தில் வெயில் கொளுத்தும். மெல்லொளி தருவது தெற்குச் சாளரமே. நூலை அப்படியே பின்பற்றுவோர் முகத்தின் ஒரு பாதி வெளிறியும் மறுபாதி இருண்டும் போவதைக் கண்டு குழம்புவது இதனாலேயே.

விரி போன்ற தென் ஒக்லாந்துப் பகுதி வீடுகளில் கார் நிறுத்தும் கராஜே சிறந்த ஸ்ரூடியோ. அதன் கதவை முழுதாகத் திறந்து, வெயில் படாத எல்லைக்குச் சற்று உள்ளே ஆளை வெளிப்புறம் நோக்கி நிறுத்தினால், அகன்ற மென்னொளி முகம் முழுவதும் பரவும். பின்புறம் தானாகவே இருளும். கராஜ் வாசலில் புற்றரை இருந்தால் அதன் பச்சை நிறம் நாடியின் கீழ் தெறிக்கும். ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை நிலத்தில் விரித்துவிட்டால் அக்குறை நீங்கும்.

அடுத்தது ஒளியின் அளவு. கமராவின் ஒளிமானி, தான் காணும் காட்சி முழுவதும் நடுத்தரச் சாம்பல் நிறமானது என்று எடுத்துக்கொண்டே கணக்கிடுகின்றது. வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சுவரும் சட்டத்தை நிறைத்தால் அது ஒளியைக் குறைத்துவிடும். அப்போது எமது முகங்கள் இருண்டு போகும். முகத்தை மட்டும் அளந்து எடுத்தல் இதற்கு ஒரு வழி. ஒளியளவை ஏறக்குறைய ஒரு படி கூட்டி வைத்தல் மற்றொரு வழி. கைத்தொலைபேசியாயின் திரையில் முகத்தைத் தொட்டு, விரலை மேல்நோக்கி நகர்த்தினாற் போதும்.

வசதியுள்ளோர் ‘ஜேபெக்’ வடிவிலன்றி ‘ரோ’ எனப்படும் மூல வடிவிலே படத்தைப் பதிதல் நன்று. ஜேபெக் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகளை மாத்திரம் வைத்திருக்கும். 14 பிட் மூல வடிவிலே அது 16,384. இருண்ட முகத்தைப் பின்னர் வெளிச்சமாக்கும்போது, ஜேபெக்கிலே புள்ளிகளும் திட்டுகளும் தோன்றுவதற்கும் மூல வடிவிலே தோலின் இழை பிழைத்து வருவதற்கும் இந்த வேறுபாடே காரணம்.

நிறத்தைச் சரிசெய்தலும் நிறத்தை மாற்றுதலும்

படத்தைத் திறந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, மூலப்படத்தைத் தொடாது ஒரு பிரதி எடுத்துக்கொள்ளல். ஒவ்வொரு திருத்தத்தையும் தனித்தனி அடுக்கிலே செய்தல் வேண்டும். அப்போதுதான் நாளை மனம் மாறினால் அந்த அடுக்கை மட்டும் நீக்கலாம்.

இரண்டாவது வேலை வெள்ளைச் சமநிலை. மண்டபங்களில் மஞ்சள் விளக்கு, நீல அலங்கார விளக்கு, வாசல் வழியே வரும் பகலொளி ஆகிய மூன்றும் கலந்திருக்கும். விழா தொடங்குமுன் ஒரு சாம்பல் நிற அட்டையை மணமேடையிலே பிடித்து ஒரு படம் எடுத்து வைத்தால், பின்னர் கணினியிலே அந்த அட்டையைச் சுட்டியதும் நிறங்கள் ஒழுங்குக்கு வரும். அட்டை இல்லாதவிடத்து வேட்டியின் வெள்ளையைச் சுட்டலாம். கண்ணின் வெண்விழியைச் சுட்டுதல் கூடாது. அது தூய வெள்ளை அன்று.

சரிபார்க்க ஓர் எளிய வழியுண்டு. கன்னத்தின் மீது சுட்டியை வைத்து நிற எண்களைப் பாருங்கள். எமது தோலில் சிவப்பின் எண் ஆகக் கூடியதாகவும், பச்சை அதற்கடுத்ததாகவும், நீலம் ஆகக் குறைந்ததாகவும் இருத்தல் வேண்டும். நீலம் பச்சையை எட்டிவிட்டால் முகம் சாம்பல் பூத்துத் தோன்றும். கறுத்த தோலை ‘உயிரற்றதாக’ காட்டும் குறை பெரும்பாலும் இதுவேயன்றி, இருள் அன்று.

இங்கே ஒரு வரலாற்றையும் அறிதல் வேண்டும். வர்ணப் படச்சுருள் காலத்தில் அச்சகங்கள் நிறத்தைச் சரிபார்க்கப் பயன்படுத்திய மாதிரி அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைப் பெண்ணின் உருவம். ‘ஷேர்லி அட்டை’ எனப்பட்ட அந்த அட்டையில் அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கொள்ளப்பட்டது. பல்வேறு தோல் நிறங்களைக் கொண்ட பெண்கள் அமர்ந்த அட்டையைக் கொடாக் நிறுவனம் வெளியிட்டது 1990களிலேயே. கறுத்த முகங்கள் படங்களில் வெறும் நிழலாக வந்தமைக்கு அந்த முகங்கள் காரணமல்ல; அளவுகோலே காரணம். அண்மைக் காலத்தில் கூகிள் நிறுவனம் 2021 இல் தனது கைத்தொலைபேசிக் கமராவைக் கறுத்த தோல்களுக்கேற்பத் திருத்தியமைத்ததும், 2022 இல் சமூகவியலாளர் எலிஸ் மங்க் உருவாக்கிய பத்துத் தோல் நிறங்களைக் கொண்ட அளவுகோலை வெளியிட்டதும் இக்குறையை ஒப்புக்கொண்டதன் அடையாளங்களே.

ஆயினும் எம்மவர் திருத்தும் படங்களைப் பார்க்கையில், வெளியார் விட்ட தவறை நாமே தொடர்கின்றோமோ என்ற ஐயம் எழுகின்றது. மணப்பெண்ணின் படம் என்றவுடன் முகத்தை இரண்டு மூன்று படிகள் வெளுப்பாக்குதல் ஒரு வழக்கமாகவே வேரூன்றிவிட்டது. முகம் வெள்ளை, கை மாநிறம், கழுத்து இன்னொரு நிறம் என்று ஒரே பெண் மூன்று பெண்களாகத் தோன்றும் படங்கள் எத்தனை! இந்தியாவில் பல்லாண்டுகளாக விற்பனையான ‘ஃபெயார் அன்ட் லவ்லி’ பூச்சுக்கூட 2020 இல் தன் பெயரிலிருந்து ‘ஃபெயார்’ என்ற சொல்லை நீக்கிக்கொண்டது. கணினித் திருத்தத்திலிருந்து அதனை நீக்க நாம் ஏன் தயங்க வேண்டும்?

நிறத்தைச் சரிசெய்வதற்கும் மாற்றுவதற்கும் இடையிலுள்ள எல்லையை இவ்வாறு வகுக்கலாம். ‘கேர்வ்ஸ்’ எனப்படும் வளைகோட்டுக் கருவியில் நடுப்பகுதியைச் சற்று உயர்த்தி, கருமையின் அடிப்புள்ளியை அசையாது வைத்தால், படம் முழுவதற்கும் ஒளி கிடைக்கும். தோலும் தலைமயிரும் சேலையும் ஒரே விகிதத்தில் தெளியும். இது சரிசெய்தல். செம்மஞ்சள் நிறத்தை மட்டும் தெரிந்தெடுத்து அதன் வெளிச்சத்தைக் கூட்டினால் தோல் மட்டும் வெளுக்கும். இது மாற்றுதல். கண், மயிர், பின்னணி ஆகியவற்றோடு முகத்துக்கிருந்த இயல்பான உறவு அறுந்துவிடுவதால், பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிடினும் ஏதோ பிழை என்பது உடனே தெரியும்.

எதை நீக்குவது, எதை விடுவது

தோலைத் திருத்துவதற்கு ஒரு விதியைப் பின்பற்றினாற் போதும். இரண்டு கிழமையில் தானாக மறையக்கூடியதை நீக்கலாம். வாழ்நாள் முழுவதும் இருப்பதை விடவேண்டும். முகப்பரு, வெயிற் கீறல், ஒட்டிய மயிரிழை, வியர்வைத் துளி ஆகியன நீக்கத்தக்கன. மச்சம், தழும்பு, முதுமையின் சுருக்கம் ஆகியன அவ்வாளின் உடைமைகள். அவற்றை நீக்குவதாயின் படத்திலிருப்பவரின் சம்மதத்தோடு மட்டுமே நீக்கல் வேண்டும். எமது சமூகத்தில் சில தழும்புகளுக்கு வரலாறு உண்டு என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

ஹீலிங் பிரஷை நீக்கவேண்டிய கறையின் அளவிலும் சற்றே பெரிதாக வைத்து, தனியான வெற்று அடுக்கிலே பயன்படுத்துங்கள். முகம் முழுவதையும் மங்கலாக்கி ‘வழவழப்பு’ ஆக்கும் தானியங்கிக் கருவிகளைத் தவிருங்கள். தோலின் நுண்துளைகள் அழிந்தால் முகம் மெழுகுப் பொம்மையாகிவிடும். கண்ணின் கீழுள்ள கருமையை முற்றாக நீக்காது, அந்த அடுக்கின் அடர்த்தியை ஏறக்குறைய அரைவாசியாக்குதல் நன்று. களைப்பு நீங்கும், கண் இடம் மாறாது.

நெற்றியிலும் மூக்கிலும் தோன்றும் மினுக்கம் கறுத்த தோலின் அழகுகளில் ஒன்று. அதனைத் துடைத்தெறிந்தால் முகத்தின் மேடு பள்ளங்கள் மறைந்து, தட்டையாகிவிடும். கண்ணை உறுத்தும் அளவுக்கு இருந்தால் மட்டும் சற்றுத் தணியுங்கள். கூர்மையாக்கும் கருவியைக் கண், புருவம், உதடு, தலைமயிர், நகை ஆகியவற்றுக்கு மட்டும் பயன்படுத்தல் வேண்டும், கன்னத்துக்கு வேண்டாம்.

கூறைச்சேலையின் செந்நிறம் இன்னொரு சிக்கல். கணினித் திரை காட்டக்கூடிய சிவப்புக்கு ஓர் எல்லை உண்டு. நிறச்செறிவை அளவுக்கு மீறிக் கூட்டினால் பட்டின் மடிப்புகளும் சரிகை வேலைப்பாடும் மறைந்து, சேலை ஒரே சிவப்புத் தட்டாகிவிடும். மடிப்புகள் தெரியும்வரை சிவப்பின் செறிவை மட்டும் குறையுங்கள். பட்டு தானாகவே பட்டாகத் தோன்றும். தாலியிலும் அட்டியலிலும் வெளிறிய புள்ளிகள் இருந்தால், மூல வடிவில் ‘ஹைலைட்’ அளவைக் குறைத்துப் பொன்னிறத்தை மீட்கலாம்.

உத்தியோகபூர்வப் படங்களில் கை வைக்காதீர்

இதுவரை கூறியவை அனைத்தும் குடும்பப் படங்களுக்கே பொருந்தும். கடவுச்சீட்டு, விசா, அடையாளப் பத்திரம் ஆகியவற்றுக்கான படங்களில் விதி வேறு. அங்கே முகத்தில் எவ்விதத் திருத்தமும் ஆகாது.

நியூசிலாந்துக் கடவுச்சீட்டு வழங்கும் உள்நாட்டு அலுவல்கள் திணைக்களமும் குடிவரவுத் திணைக்களமும், படம் ஆறு மாதத்துக்குள் எடுக்கப்பட்டதாகவும் கணினியால் முகம் மாற்றப்படாததாகவும் இருக்கவேண்டும் என எதிர்பார்க்கின்றன. இணையவழி அனுப்பும் படம் ஆகக் குறைந்தது 900 புள்ளி அகலமும் 1200 புள்ளி உயரமும் கொண்டிருத்தல் வேண்டும். கோப்பின் அளவு முதலிய ஏனைய நிபந்தனைகள் காலத்துக்குக் காலம் மாறுவதால், விண்ணப்பிக்கும் நாளில் அத்திணைக்களங்களின் அறிவித்தலைப் பார்த்துக்கொள்ளல் நன்று.

இந்தக் கண்டிப்பு ஏன்? விமான நிலையத்திலே இன்று முகத்தை ஒப்பிடுவது பெரும்பாலும் இயந்திரமே. கண்களுக்கிடையிலான தூரம், மூக்கின் வடிவு, தாடையின் விளிம்பு ஆகியவற்றை அது அளக்கின்றது. அழகு கருதி முகத்தின் வடிவை மாற்றினால் ஒப்பீடு குழம்பக்கூடும். கைத்தொலைபேசிகள் சிலவற்றில் ‘பியூட்டி’ என்னும் அழகுபடுத்தும் வசதி கேளாமலேயே இயங்கிக்கொண்டிருக்கும். அதனை நிறுத்திவிட்டே படம் எடுத்தல் வேண்டும். அடைக்கலம் கோரி நிற்பவர் ஒருவருக்கு, தன் முகமும் தன் பத்திரத்திலுள்ள முகமும் ஒன்றே என்று நிறுவ வேண்டிய நிலை எவ்வேளையும் வரலாம். அழகுக்காகச் செய்த சிறு திருத்தம் ஐயத்துக்கு இடமளித்துவிடக்கூடாது.

இயந்திரமும் தவறிழைக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. 2016 டிசெம்பரில் ஆசிய வம்சாவளியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் நியூசிலாந்துக் கடவுச்சீட்டைப் புதுப்பிக்க அனுப்பிய படத்தை, கண்கள் மூடியுள்ளன எனக் கூறி இணையவழி முறைமை நிராகரித்தது. கண்களோ திறந்தே இருந்தன. முகத்தில் ஒளி சமமாக விழாமையே காரணம் என அதிகாரிகள் பின்னர் விளக்கினர். உலகெங்கும் செய்தியான இந்நிகழ்ச்சி எமக்கும் ஒரு பாடம். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2019 இல் வெளியிட்ட ஆய்வும், முகம் காணும் நிரல்கள் பலவற்றில் ஆசிய, ஆபிரிக்க முகங்களை வேறொருவராகப் பிழையாக அடையாளங் காணும் வீதம் அதிகம் என்றே கண்டது. எனவே கறுத்த முகங்களுக்கு இரு பக்கத்திலிருந்தும் சமமான ஒளி கொடுத்து, சுவரிலிருந்து சற்று விலகி நின்று எடுத்தலே பாதுகாப்பு. படம் சரிவராவிட்டால் மீண்டும் எடுங்கள், திருத்தாதீர்கள்.

பழைய படங்களை மீட்டல்

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவில் வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் வெளியேறியபோது, எத்தனையோ வீடுகளில் அல்பங்கள் அலுமாரியிலேயே தங்கிவிட்டன. 2004 ஆழிப்பேரலையும் 2009 இன் இறுதி யுத்தமும் மிஞ்சியவற்றிலும் பெரும்பகுதியைக் கொண்டுசென்றன. தப்பிய படங்களைக் காத்தல் இத்தலைமுறையின் கடன்.

கண்ணாடிச் சட்டத்தோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பலவந்தமாக உரிக்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே பிரதி எடுங்கள். ஸ்கானரில் அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற அளவிலே பதிந்தால், 4 அங்குலத்துக்கு 6 அங்குலப் படத்தை இரு மடங்கு பெரிதாகத் தெளிவோடு அச்சிடலாம். அடையாள அட்டையில் ஒட்டியிருந்த சிறு படம் மட்டுமே எஞ்சியுள்ள குடும்பங்கள் பல. அதனை 1200 புள்ளிகளில் பதியுங்கள். ஒன்றரை அங்குல அகலமான படம் அப்போது ஆறு அங்குல அகல அச்சுக்குத் தாங்கும். கறுப்பு வெள்ளைப் படத்தையும் வர்ண முறையிலேயே பதிதல் வேண்டும். மஞ்சட் கறையைப் பிரித்தெடுக்க அது உதவும். கோப்பை டிஃப் வடிவிலே சேமியுங்கள். படத்தின் பின்புறத்தையும் பதிய மறவாதீர்; அங்கே திகதியும் ஸ்ரூடியோவின் முத்திரையும் இருக்கக்கூடும்.

1970களிலும் 80களிலும் அச்சிட்ட வர்ணப் படங்கள் செந்நிறமாக மாறியிருப்பதைப் பலரும் கண்டிருப்பர். அல்பத்தினுள் இருளில் இருக்கையில், அச்சிலுள்ள மூன்று சாயங்களில் நீலப்பச்சைச் சாயமே பலவற்றில் முந்தி மங்கிவிடுவதால் இது நிகழ்கின்றது. ‘லெவல்ஸ்’ கருவியில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றையும் தனித்தனியே திறந்து, ஒவ்வொன்றின் வரைபடமும் தொடங்கி முடியுமிடத்துக்கு இரு முனைகளையும் நகர்த்தினால், ஊர் வானத்தின் நீலம் பெருமளவு திரும்பி வரும்.

2023 ஜனவரி 27 ஆம் திகதி ஒக்லாந்தைத் தாக்கிய பெருவெள்ளம் மாங்கரே உட்படப் பல பகுதிகளில் வீடுகளினுள் புகுந்தது. நனைந்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் காயவிட்டால் ஒட்டிவிடும். குளிர்ந்த சுத்தமான நீரிலே மெல்ல அலசி, படப்பக்கம் மேலிருக்க, நிழலிலே தனித்தனியாக உலர்த்தல் வேண்டும். உடனே செய்ய இயலாவிடின் பையிலிட்டு உறைபெட்டியில் வைத்துப் பின்னர் ஆறுதலாகச் செய்யலாம்.

இயந்திரம் கற்பிக்கும் முகம்

இப்போது ஒரு பொத்தானை அழுத்தியதும் மங்கிய படத்தைத் தெளிவாக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பெருகிவிட்டன. இவற்றைக் குறித்து ஓர் எச்சரிக்கை. மங்கிய படத்தில் இல்லாத விபரத்தை எந்தக் கருவியும் மீட்டுத் தர முடியாது. தான் கற்ற பிற முகங்களைக் கொண்டு, இவ்விடத்தில் இத்தகைய கண் இருக்கலாம் என்று ஊகித்து அது புதிதாக வரைகின்றது. 2020 இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர் உருவாக்கிய அத்தகைய நிரலொன்றிடம் முன்னாள் சனாதிபதி ஒபாமாவின் மங்கலாக்கிய படத்தைக் கொடுத்தபோது, அது ஒரு வெள்ளையரின் முகத்தைத் திருப்பித் தந்தது. உலகறிந்த முகத்துக்கே அக்கதியெனின், எமது அம்மம்மாவின் முகத்தை யார் சரிபார்ப்பது?

பார்வைக்குக் கூர்மையான கண்ணும் ஒழுங்கான பல்வரிசையும் கொண்ட அந்த முகம், பேரப்பிள்ளைகளுக்கு நாளை உண்மை முகமாகவே பதிந்துவிடும். ஆகவே இக்கருவிகளைக் கீறல், மடிப்பு, பூஞ்சணம் ஆகியவற்றை நீக்கப் பின்னணியிலும் உடையிலும் பயன்படுத்துங்கள். முகத்தை மங்கலாகவே விடுங்கள். மங்கிய உண்மை, தெளிவான பொய்யிலும் மேலானது.

இது வெறும் இரசனை பற்றிய கேள்வியன்று. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் அமர்ந்த தாய்மார் கைகளிலே ஏந்தியவை, காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளின் படங்கள். அந்தப் படம் அவர்களுக்கு நினைவு. அதேவேளை அது சாட்சியமும் ஆகும். அதில் ஒரு மச்சமோ ஒரு பல்லின் இடைவெளியோ அடையாளம் காண்பதற்கு ஆதாரமாகலாம். இத்தகைய படம் எவரேனும் உங்களிடம் திருத்தத் தந்தால், முதலில் மூலத்தைத் தொடாது பதிந்து திருப்பிக் கொடுங்கள். அச்சிடும் பிரதியில் ஒளியைக் கூட்டலாம், கறையை அகற்றலாம். முகத்தில் எதனையும் சேர்க்கவோ நீக்கவோ வேண்டாம். அதன் குறுக்கே பதிந்த அலுவலக முத்திரையைக்கூட மூலப்பிரதியில் அழிக்காதீர்கள்.

இறந்த தந்தையை மணமகளின் அருகே சேர்த்துத் தருமாறு கேட்போரும் உளர். அந்த ஏக்கத்தை மறுக்க எமக்கு மனமில்லை. ஸ்ரூடியோக்காரர் கத்தரிக்கோலால் செய்து வந்ததும் அதுவே. செய்யுங்கள். ஒளி விழும் திசையையும் உருவங்களின் அளவையும் ஒத்திசையச் செய்யுங்கள். ஆனால் அச்சின் பின்புறத்திலும் கோப்பின் பெயரிலும் ‘இணைத்த படம்’ என எழுதி, மூலப்படங்கள் இரண்டையும் உடன் வைத்துக் கொடுங்கள்.

இறுதியாக, சேமிப்பு. ஒவ்வொரு படத்துக்கும் மூன்று பிரதிகள். அவை இருவகைச் சாதனங்களில். அவற்றுள் ஒன்று வேறொரு வீட்டிலோ நாட்டிலோ இருத்தல் வேண்டும். கோப்பின் பெயரில் ஆளின் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைக் குறியுங்கள். படத்திலுள்ளோரை இனங்காட்டக்கூடிய மூத்தோர் எம்மிடையே இருக்கும்போதே இதனைச் செய்தல் அவசியம். முகம் தெளிவாயிருந்தும் பெயர் தெரியாத படம் அடுத்த தலைமுறைக்கு அந்நியரின் படமே.

எமது ஊரும் வீடும் மாறிவிட்டன; பேசும் மொழியும் பிள்ளைகளின் நாவிலே மாறி வருகின்றது. மாறாது நாம் கையளிக்கக்கூடியவை சில. அவற்றுள் எம் முன்னோரின் முகங்களும் அடங்கும். அவற்றின் மேல் படிந்த தூசியைத் துடைப்போம், விழுந்த இருளை அகற்றுவோம். முகங்களை இருந்தவாறே எம் பிள்ளைகளிடம் ஒப்படைப்போம்.